தொண்டைல கிருமி இருக்கு, ஆனா புள்ளைக்கு நோய் இல்ல: அது எப்படி?

போன டிசம்பர்ல ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும், மயூர் விஹார்ல எங்க ஃபிளாட்டுக்கு மேல் மாடில குடியிருக்கற பொண்ணு கைல மூணு லேப் ரிப்போர்ட்டோட கீழ வந்து நின்னா. அம்பாசமுத்திரம் பக்கம் ஊரு, டெல்லிக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, பையன் மூணாங்கிளாஸ் படிக்கறான். "அக்கா, மூணாவது தடவையும் பாசிட்டிவ்னு வந்துருச்சுக்கா, இவன் தொண்டைல என்னதான் இருக்கு"ன்னு கேட்டுட்டு அப்படியே சோஃபால உக்காந்து அழுதுட்டா.

நடந்தது இதுதான். தீபாவளி முடிஞ்ச கையோட பையனுக்கு மூக்கு ஒழுகி, இருமல் வந்து, தொண்டை வலிச்சிருக்கு. கிளினிக்ல ஸ்வாப் எடுத்தாங்க, அதாவது பஞ்சு சுத்துன குச்சியால தொண்டைய தடவி லேபுக்கு அனுப்புனாங்க, ஸ்ட்ரெப்ங்கற பாக்டீரியா இருக்கு, பாசிட்டிவ்னு வந்துச்சு, 10 நாள் ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, புள்ள நல்லாயிட்டான். அதோட விட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும். பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா டான்ஸ்ல சேக்கணும்னா கிருமி போயிடுச்சுன்னு ரிப்போர்ட் கொண்டாங்கன்னு கேட்டிருக்காங்க. எடுத்தா திரும்ப பாசிட்டிவ். இன்னும் ஸ்ட்ராங்கா ஒரு மருந்து, அதுல வயித்தால போயி புள்ள வாடிப்போயிட்டான். மறுபடி எடுத்தா மறுபடியும் பாசிட்டிவ். இதுக்குள்ள பில்டிங் வாட்ஸப் குரூப்ல யாரோ "அந்த பையன் கேரியர், உங்க புள்ளைங்கள அவன்கூட விளையாட விடாதீங்க"ன்னு போட்டுட்டாங்க. எட்டு வயசுப் புள்ளய!

நான் டாக்டர் இல்ல. 22 வருஷம் மைக்ரோபயாலஜி லேப்ல டெக்னீஷியனா இருந்தவ, தொண்டை ஸ்வாப் ஆயிரக்கணக்குல பாத்திருக்கேன். மருந்து எழுதறதும் நிறுத்தறதும் டாக்டர் வேலை. ஆனா பாசிட்டிவ்ங்கற அந்த ஒரு வார்த்தை என்ன சொல்லுது, என்ன சொல்லலங்கறத என்னால சொல்ல முடியும், அன்னிக்கு ராத்திரி அவளுக்கு சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன்.

## ஜனவரி மாசத்து தோசை மாவு

டெல்லில இருக்கற நம்மாளுங்க எல்லாருக்கும் இது தெரியும். ஜனவரில ராத்திரி அஞ்சாறு டிகிரிக்கு இறங்கிடும், பத்து மணிக்கு மாவ ஆட்டி உப்பு போட்டு கரைச்சு வச்சா காலைல வச்சது வச்சபடியே இருக்கும். பொங்காது, புளிக்காது. அதுக்குன்னு மாவுல கிருமி இல்லன்னு அர்த்தமா? உளுந்தோட வந்த பாக்டீரியா எல்லாம் அதே மாவுலதான் இருக்கு. பாத்திரத்த ரஜாயில, அதான் பஞ்சு வச்ச கனமான போர்வைல, சுத்தி மூடின ஓவனுக்குள்ள வச்சா மறுநாள் மதியத்துக்குள்ள மாவு மூடிய தள்ளிக்கிட்டு வந்துடும். கிருமி இருக்கறது ஒண்ணு, அது வேலை செய்யறது இன்னொண்ணு.

தொண்டையும் அப்படித்தான். சூடு குளிர் கணக்கு அங்க இல்ல, உவமைய அந்த அளவுக்கு இழுக்காதீங்க, ஆனா இருக்கறது வேற செய்யறது வேறங்கறது அங்கயும் அப்படியே பொருந்தும். நல்லா இருக்கற ஒருத்தர் தொண்டைலயே எப்பவும் பல வகை பாக்டீரியா குடித்தனம் பண்ணிக்கிட்டுதான் இருக்கும், பெரும்பாலும் அதால ஒரு தொந்தரவும் கிடையாது. நோய் உண்டாக்கக்கூடிய ஒரு கிருமி தொண்டைக்குள்ள நொழைஞ்சு, திசுவ சேதப்படுத்தி, உடம்பு அதோட சண்டைக்கு நின்னு, அதனால காய்ச்சலும் வலியும் வந்தா அதுக்குப் பேர் தொற்று. அதே கிருமி வந்து ஒட்டிக்கிட்டு பேசாம இருந்து, உடம்பும் அத பெருசா கண்டுக்காம, புள்ள ஓடியாடி விளையாடிக்கிட்டு இருந்தா அந்தப் புள்ளய கேரியர்னு சொல்லுவாங்க, கிருமிய சும்மா சுமந்துக்கிட்டு இருக்கற புள்ளன்னு அர்த்தம்.

## யார் இந்த ஸ்ட்ரெப்

முழுப் பேரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜினிஸ். மைக்ராஸ்கோப்ல பாத்தா குட்டி குட்டி உருண்டைங்க மணி கோத்த மாதிரி சங்கிலியா நிக்கும், கிரேக்க மொழில அந்தப் பேருக்கு அர்த்தமே கிட்டத்தட்ட அதுதான். குரூப் ஏ ஸ்ட்ரெப்னும் சொல்லுவாங்க. ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டுங்கற அமெரிக்க விஞ்ஞானி 1933ல இந்த ஸ்ட்ரெப் வகைகள ஏ, பி-ன்னு எழுத்து போட்டு பிரிச்சாங்க, அதுல ஏ தான் பள்ளிக்கூட புள்ளைங்க தொண்டைக்கு வர்ற ஆளு.

லேப்ல இத எப்படி கண்டுபிடிப்போம்னா, ஆட்டு ரத்தம் கலந்த ஜெல்லி தட்டு ஒண்ணு இருக்கும், பாக்க பீட்ரூட் அல்வா நிறத்துல வழவழன்னு. ஸ்வாப்ப அதுல தேய்ச்சு 37 டிகிரில ராத்திரி பூரா வச்சிருவோம். காலைல எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா, குண்டூசித் தலை கணக்கா சாம்பல் கலர்ல சின்னச் சின்ன புள்ளிங்க, ஒவ்வொரு புள்ளியச் சுத்தியும் சிவப்பு போயி கண்ணாடி மாதிரி தெளிஞ்ச வளையம், அதுவழியா வெளிச்சம் அப்படியே ஊடுருவி வரும். ரத்த அணுக்கள கிருமி உடைச்சுட்டதாலதான் அந்த தெளிவு. அப்புறம் இன்னும் ஒண்ணு ரெண்டு டெஸ்ட் பண்ணி குரூப் ஏ தான்னு உறுதி பண்ணுவோம்.

இத்தன வருஷத்துல நான் நல்லா தெரிஞ்சுக்கிட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. 103 டிகிரி காய்ச்சல்ல எச்சில் முழுங்க முடியாம கிடக்கற புள்ளயோட தட்டும், ஒண்ணுமே இல்லாம விளையாடிட்டு வந்த புள்ளயோட தட்டும் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சில சமயம் கேரியர் புள்ளைக்கு புள்ளிங்க கம்மியா இருக்கும், ஆனா அத வச்சு ஒருத்தர இவர் நோயாளி இவர் இல்லன்னு பிரிக்க முடியாது. தட்டுக்கு கிருமி இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும், அது அங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்குன்னு தெரியாது.

## ஒரு கிளாஸ்ல எத்தன பேரு

பல நாடுகள்ல நடந்த ஆய்வுகள ஒண்ணா சேத்து 2010ல ஒரு கணக்கு வெளிவந்துச்சு. எந்த தொந்தரவும் இல்லாத புள்ளைங்கள்ல சுமார் 12 சதவீதம் பேர் தொண்டைல குரூப் ஏ ஸ்ட்ரெப் இருக்கு. இடத்துக்கு இடம், சீசனுக்கு சீசன் கூடும் குறையும், அஞ்சு வயசுக்கு கீழ கம்மி, பள்ளிக்கூட வயசுலதான் ஜாஸ்தி. 40 புள்ளைங்க இருக்கற கிளாஸ்னா நாலஞ்சு பேரு. அவங்க பென்சில் சீவிக்கிட்டு, டிபன் பாக்ஸ் மாத்திக்கிட்டு, எல்லாரையும் போல இருக்காங்க, யாரும் ஸ்வாப் எடுக்கல அதனால யாருக்கும் தெரியல, மாடி வீட்டுப் பையனுக்கு எடுத்தாங்க அதனால தெரிஞ்சிருச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே கணக்குல இன்னொரு நம்பர்: தொண்டை வலின்னு டாக்டர்கிட்ட வர்ற புள்ளைங்கள்லயே ஸ்ட்ரெப் இருந்தது 37 சதவீதம் பேருக்குத்தான். மிச்சப் பேருக்கு பெரும்பாலும் வைரஸ், வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் பண்ணாது.

இதுவரைக்கும் சொன்னத ஒருதரம் பாத்துக்கலாம். கிருமி இருக்கறதும் நோய் இருக்கறதும் ஒண்ணு இல்ல. ரிப்போர்ட் முதல் விஷயத்த மட்டும்தான் சொல்லும். நல்லா இருக்கற புள்ளைங்கள்லயே எட்டுல ஒருத்தர் அளவுக்கு இந்தக் கிருமிய சுமக்கறாங்க.

## காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை

குழப்பம் எல்லாம் இங்கதான் ஆரம்பிக்குது, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

நவம்பர்ல நம்ம ஊரு காத்து எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். அறுவடை முடிஞ்ச வயல்ல தாளடிய கொளுத்தற புகை, வண்டிப் புகை, பட்டாசு, மேல போக முடியாம குளிர்ல அப்படியே தேங்கி நிக்கற மூட்டம், காலைல எந்திரிச்சா தொண்டைல மணல் கொட்டின மாதிரி இருக்கும். கூடவே சீசன் மாறும்போது வர்ற சளி வைரஸ். கிளாஸ்ல பாதி பேர் இருமிக்கிட்டுதான் இருப்பாங்க. ஸ்ட்ரெப்ப சும்மா சுமந்துக்கிட்டு இருக்கற அந்த நாலஞ்சு புள்ளைங்களுக்கும் மத்தவங்கள மாதிரியே சளி பிடிக்கும், இருமல் வரும், தொண்டை வலிக்கும். அந்த நேரம் பாத்து ஸ்வாப் எடுத்தா என்ன வரும்? பாசிட்டிவ்தான் வரும். வலி வைரஸால, இல்ல புகையால, ஆனா பழி ஏற்கனவே அங்க உக்காந்திருந்த ஸ்ட்ரெப் மேல.

அப்புறம் ஆன்டிபயாட்டிக் குடுப்பாங்க. வைரஸ் சளி நாலஞ்சு நாள்ல தானா அடங்கற விஷயம், அடங்கும். மருந்தாலதான் சரியாச்சுன்னு நாம நம்புவோம். திரும்ப ஒரு ஸ்வாப் எடுத்தா கிருமி இன்னும் இருக்கும், உடனே மருந்து பத்தல, இதவிட ஸ்ட்ராங்கா வேணும்னு தோணும். அடுத்த மாசம் அடுத்த சளி, அடுத்த ஸ்வாப், அடுத்த பாசிட்டிவ். இப்படியே போயி "இவனுக்கு ஸ்ட்ரெப் திரும்பத் திரும்ப வருது, டான்சில எடுத்துரலாமா"ங்கற வரைக்கும் பேச்சு வந்துடும். கிருமிய சும்மா சுமக்கறாங்கங்கற ஒரே காரணத்துக்காக டான்சில எடுக்க வேண்டியதில்லன்னுதான் வழிகாட்டு நெறிகள் சொல்லுது. மாடி வீட்டுப் பையன் விஷயத்துலயும் முதல் தடவையே மூக்கொழுகலும் இருமலும் இருந்துச்சுங்கறத கவனிங்க.

ஏன்னா நெஜமான ஸ்ட்ரெப் தொண்டை வர்ற விதமே வேற. அஞ்சுல இருந்து பதினஞ்சு வயசுக்குள்ள, திடீர்னு காய்ச்சல், முழுங்கினா உசுரு போற வலி, உள்ள டார்ச் அடிச்சு பாத்தா டான்சில் வீங்கி செவந்து சில சமயம் வெள்ளையா சீழ் படிஞ்சிருக்கும், தாடைக்கு கீழ கழுத்து முன்பக்கம் நெறி கட்டி தொட்டா வலிக்கும், முக்கியமா இருமல் இருக்காது. இருமல், மூக்கொழுகல், குரல் கம்மறது, கண்ணு செவக்கறது, வாய்ல புண்ணு, இதெல்லாம் வைரஸ் பக்கம் கை காட்டற அடையாளம். இதுல எந்த ஒண்ணும் தனியா நின்னு தீர்ப்பு சொல்லாது, எல்லாத்தையும் சேத்து பாத்துதான் டாக்டர் முடிவு பண்ணுவாரு. யாருக்கு ஸ்ட்ரெப்னு சந்தேகம் வருதோ அவங்களுக்கு ஸ்வாப் எடுத்தா அந்த பாசிட்டிவ்வுக்கு மதிப்பு உண்டு. சும்மா செக் பண்ணிப் பாப்போம்னு எடுத்தா அது குழப்பத்த மட்டும்தான் கொண்டு வரும்.

## மருந்து குடுத்தும் ஏன் போகல

பென்சிலின் மனுஷங்களுக்கு குடுக்க ஆரம்பிச்சு 80 வருஷத்துக்கு மேல ஆச்சு. பென்சிலினுக்கு மசியாத குரூப் ஏ ஸ்ட்ரெப்னு ஒண்ண இன்னிக்கு வரைக்கும் எந்த நோயாளிகிட்டயும் பாத்ததில்ல. அஜித்ரோமைசின் மாதிரி மருந்துக்குத்தான் எதிர்ப்பு வந்திருக்கு, ஆனா நாம எதை ஸ்ட்ராங்குன்னு நினைக்கறோம் பாருங்க.

அப்படின்னா கேரியர் புள்ள தொண்டைல இருக்கறது மட்டும் ஏன் தப்பிக்குது? பென்சிலின் எப்படி கொல்லுதுன்னா, பாக்டீரியா பெருகும்போது தன்னச் சுத்தி சுவர் கட்டும், அந்த வேலைய கெடுத்துவிடும். மும்முரமா பெருகற கிருமி சுவர் இல்லாம உடைஞ்சு சாகும். கேரியர் தொண்டைல இருக்கறது மெதுவா, அரைத் தூக்கத்துல இருக்கற கிருமி, சுவர் வேலை பெருசா நடக்கறதில்ல. டான்சில்ல ஆழமான மடிப்பு நிறைய இருக்கு, அதுக்குள்ள பதுங்கும், தொண்டைச் செல்லுக்குள்ளயே போயி ஒளிஞ்சுக்கவும் செய்யும். பக்கத்துல இருக்கற வேற பாக்டீரியாங்க பென்சிலின உடைக்கற பொருள விடும், அந்த நிழல்ல இதுவும் தப்பிச்சுக்கும். இதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க சொல்ற விளக்கங்கள், ஒவ்வொரு புள்ளைக்கும் இதுல எதுன்னு தனியா சொல்ல முடியாது. சில மாசம் இருந்துட்டு பெரும்பாலும் தானா போயிடும்.

உடம்பு பக்கத்துல இருந்து பாத்தாலும் வித்தியாசம் தெரியும். நெஜத் தொற்று வந்தா உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கும், அதாவது அந்தக் கிருமிய அடையாளம் வச்சு தாக்கற புரதம். கேரியர் புள்ளைக்கு அந்த ஆன்டிபாடி புதுசா ஏறாது.

இந்த இடத்துல ஏஎஸ்ஓ டெஸ்ட்ட பத்தி சொல்லாம போக மனசு வரல. அது ரத்தத்துல அந்த ஆன்டிபாடில ஒரு வகைய அளக்கற டெஸ்ட். ஸ்ட்ரெப் தொற்று வந்து ஒரு வாரத்துல ஏற ஆரம்பிச்சு மூணுல இருந்து ஆறு வாரத்துல உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்க மாசக்கணக்கு ஆகும். அதனால ஏஎஸ்ஓ கூடுதலா இருக்குன்னா கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஸ்ட்ரெப்ப சந்திச்சிருக்கான்னு அர்த்தம், இப்ப நோய் இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஸ்ட்ரெப் நிறைய சுத்தற நம்ம ஊர்கள்ல நல்லா இருக்கற புள்ளைக்கே கூடுதலா வரும். கால் வலிக்குதுன்னு சொன்ன புள்ளைக்கு இந்த ஒரு நம்பர மட்டும் வச்சு ருமாட்டிக் காய்ச்சல்னு (அது என்னன்னு கீழ சொல்றேன்) முடிவு பண்ணி வருஷக்கணக்கா பென்சிலின் ஊசி போட்டத நான் கண்ணால பாத்திருக்கேன், இன்னிக்கும் நினைச்சா வயிறு எரியுது.

## கேரியர்னா ஊருக்கே பரப்புறவனா

அந்த வார்த்தைக்கு இந்த பயம் வந்ததுக்கு ஒரு பழைய கதை காரணம். நியூயார்க்ல மேரி மேலன்னு ஒரு சமையல்காரம்மா, அவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, ஆனா அவங்க சமைச்ச பல வீடுகள்ல டைபாய்டு வந்துச்சு. 1907ல கண்டுபிடிச்சு ஒரு தீவுல தனியா வச்சாங்க, நடுவுல விட்டாங்க, 1915ல திரும்ப பிடிச்சு 1938ல சாகற வரைக்கும் அங்கயே வச்சிருந்தாங்க. கேரியர்னாலே நம்ம மனசுல வர்ற பிம்பம் அதுதான்.

ஆனா அது டைபாய்டு. பித்தப்பைல தங்கி மலத்துல வெளிய வந்து சாப்பாடு வழியா பரவற கிருமி. ஸ்ட்ரெப் பரவறது இருமல் தும்மல் எச்சில் வழியா, அதுவும் நோயோட இருக்கற புள்ளகிட்ட இருந்துதான் அதிகமா பரவும், அவங்க தொண்டைலதான் கிருமி ஏகப்பட்டது பெருகிக்கிட்டு இருக்கும். பேசாம சுமக்கற புள்ளகிட்ட இருந்து பரவவே பரவாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ரொம்பக் கம்மி. நோய் வந்த புள்ள ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சு 24 மணி நேரம் ஆகி காய்ச்சலும் விட்டா பள்ளிக்கூடம் போகலாம். கேரியர் புள்ளய ஒரு நாள் கூட வீட்ல நிறுத்த வேண்டாம், பார்க்ல விளையாட விடலாம், டான்ஸும் ஆடலாம்.

இதுவரைக்கும்: கேரியர் புள்ளைக்கு ஆபத்து கம்மி, பரப்பறதும் கம்மி, அதனால வழக்கமா மருந்து வேண்டாம். நோய் குணமான புள்ளைக்கு கிருமி போச்சான்னு திரும்ப ஸ்வாப்பும் வழக்கமா வேண்டாம்.

## அப்ப ஸ்ட்ரெப்ப கண்டுக்காம விட்றலாமா

விடவே கூடாது. இத தப்பா புரிஞ்சுக்கிட்டா நான் எழுதினதே பாவமா போயிடும்.

நெஜமான ஸ்ட்ரெப் தொண்டைய கவனிக்காம விட்டா, தொண்டை சரியாகி ரெண்டு மூணு வாரம் கழிச்சு சில புள்ளைங்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். கிருமிய தாக்க உடம்பு தயாரிச்ச ஆயுதம், கிருமியோட புரதமும் நம்ம இதயத்தோட புரதமும் கொஞ்சம் ஒரே ஜாடைல இருக்கறதால, ஆள் மாறி நம்ம இதயத்தையே தாக்குது. மூட்டு வீங்கும், இன்னிக்கு முட்டி நாளைக்கு கணுக்காலுன்னு வலி மாறி மாறி வரும், அது போயிடும், ஆனா இதய வால்வுல ஏற்பட்ட காயம் தங்கிடலாம். பணக்கார நாடுகள்ல அநேகமா காணாமப் போன இந்த நோய் நம்ம நாட்டுல இன்னும் இருக்கு, சில பொண்ணுங்களுக்கு கர்ப்பமா இருக்கறப்ப மூச்சு வாங்கும்போதுதான் வால்வு கெட்டதே தெரிய வருது. தொண்டை வலி ஆரம்பிச்சு 9 நாளைக்குள்ள சரியான ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சாலும் இத தடுக்கலாம், பென்சிலினோ அமாக்ஸிசிலினோ டாக்டர் எழுதினா புள்ள மூணாம் நாளே துள்ளி ஓடினாலும் 10 நாளும் முழுசா குடுக்கணும்.

ஏற்கனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்த புள்ளைங்களுக்கு மூணு வாரத்துக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி போடுவாங்க, அத ஒரு தடவை கூட தவற விடக்கூடாது. அப்படி ஒரு புள்ள வீட்ல இருந்தா, கூட இருக்கறவங்க சும்மா சுமக்கற கிருமிக்கும் டாக்டர் மருந்து குடுக்கலாம்னு முடிவு பண்ணலாம், நான் மேல சொன்ன வழக்கத்துக்கு அது ஒரு விதிவிலக்கு.

## எல்லா தொண்டைக் கிருமிக்கும் இது பொருந்தாது

தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, முழுக்க வேற சமாச்சாரம். 2018ல நம்ம டெல்லிலயே அதுல புள்ளைங்க செத்துப்போனாங்க. அந்த நோய் வந்தவரோட நெருக்கமா இருந்தவங்க நல்லா இருந்தாலும் ஸ்வாப் எடுப்பாங்க, மருந்து குடுப்பாங்க, அங்க மறுக்காதீங்க. அதுக்கு தடுப்பூசி இருக்கு: கைக்குழந்தைல போட்டது பத்தாது, ஒன்றரை வயசுலயும் அஞ்சு ஆறு வயசுலயும் பூஸ்டர், அப்புறம் 10 வயசுல, 16 வயசுல. ஊரு மாத்தி வீடு மாத்தி வர்றதுல நம்ம குடும்பங்கள்ல அஞ்சு வயசு பூஸ்டர் விட்டுப்போறத நிறைய பாத்திருக்கேன், கார்ட எடுத்து ஒருதரம் பாருங்க.

## டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்

மறுநாள் அந்தப் பொண்ணும் நானும் வேற ஒரு குழந்தை டாக்டர்கிட்ட போனோம். மூணு ரிப்போர்ட்டையும் தேதிவாரியா அடுக்கி, ஒவ்வொண்ணும் எடுத்த அன்னிக்கு காய்ச்சல் இருந்துச்சா, இருமல் இருந்துச்சா, ரெண்டாவதும் மூணாவதும் எடுத்தப்ப புள்ள எப்படி இருந்தான்னு அவளையே ஒரு பேப்பர்ல எழுத வச்சேன். டாக்டர் அத படிச்சாரு, கழுத்த தடவிப் பாத்தாரு, நெஞ்சுல வச்சு கேட்டாரு, வீட்ல யாருக்காவது ருமாட்டிக் இருக்கான்னு கேட்டாரு, இல்லன்னதும் மருந்த நிறுத்திட்டாரு. ஃபைல்ல முதல் பக்கத்துல பெருசா எழுதியும் குடுத்தாரு: நல்லா இருக்கும்போதும் ஸ்ட்ரெப் பாசிட்டிவ், கேரியரா இருக்கலாம், இருமல் சளியோட வந்தா ஸ்வாப் வேண்டாம், இருமல் இல்லாம திடீர் காய்ச்சலும் முழுங்கற வலியும் வந்தா அன்னிக்கே கூட்டிட்டு வரணும்.

பிப்ரவரில பையனுக்கு திரும்ப சளி பிடிச்சுச்சு. உப்புத் தண்ணில கொப்பளிக்க வச்சு, மிளகும் மஞ்சளும் போட்ட பால் குடுத்து, டெம்பரேச்சர் மட்டும் காலைலயும் ராத்திரியும் பாத்து எழுதி வச்சா. அஞ்சாம் நாள் சாயங்காலம் கீழ பார்க்ல இருந்து அவன் கத்தற சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.